டிவியில் அண்ணன் குடித்த கள்

மலேசியாவில், கிள்ளான் டவுனில் ரயில் பாதையை ஒட்டி ஒரு கள்ளுக்கடை இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஆறு பெஞ்சு. காப்பார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து காலையில் லோரியில் பீப்பாய் வரும். பதினொரு மணிக்குத் திறந்து, இருட்டுவதற்குள் தரையைக் கழுவி மூடிவிடுவோம். அங்கே நான் பல வருஷம் கள் ஊற்றினேன். இப்போது அந்த இடத்தில் டயர் கடை இருக்கிறது. போன மாதம்கூட அந்தப் பக்கம் போனேன். எந்த இடத்தில் பீப்பாய் நின்றது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன். கால் வீங்க ஆரம்பித்த பிறகு நின்றபடி செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று டவுனுக்கு வந்தேன். வீங்கின காலுக்கு நின்றபடி வேலையா என்று கேட்பீர்கள். மரத்துக்கு மரம் மலையேறி இறங்குவதற்கு நிற்பது தேவலை. வேலைக்குச் சேர்ந்த அன்றே தவுக்கே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். கடை முதலாளி தமிழர்தான். ஆனால் சீன முதலாளியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம்.

"ஊத்துறது பாதி வேலைதான்யா. வாசல்ல பொம்பளைங்க வந்து கேப்பாங்க. அவங்களுக்குப் பதில் சொல்றதுதான் மீதிப் பாதி."

"என்னா பதில் தவுக்கே?"

"வரலன்னு சொல்லு. வந்தாரு, இப்பதான் போனாருன்னு சொல்லாத. எந்தப் பக்கம் போனாருன்னு கேப்பாங்க, ஒனக்கு வழி சொல்லத் தெரியாது. வரல. அவ்வளவுதான்."

பெண்கள் உள்ளே வரமாட்டார்கள். வெளியே ரம்புத்தான் மரத்தடியில் நிற்பார்கள். சிலர் கையில் குடை, சிலர் இடுப்பில் பிள்ளை. நான் கள் ஊற்றும் மக்கை வைத்துவிட்டு வாசலுக்குப் போய், "இன்னைக்கு வரலக்கா" என்பேன். போகும்போதே ஒரு தடவை இருமுவேன். இருமல் சத்தம் கேட்டதும் உள்ளே பேச்சு நின்றுவிடும். ஆள் எழுந்து பின்பக்கச் சாக்கடையைத் தாண்டிப் போய்விடுவார். போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறவர்களும் உண்டு. எத்தனை குடும்பத்துக்கு எத்தனை நாள் அப்படிச் சொன்னேன் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதுவும் கழுவுவது, வடிகட்டுவது மாதிரி ஒரு வேலை என்றுதான் இருந்தேன்.

அப்படி வருகிற பெண்களில் ஓர் அக்கா இருந்தார். சண்டை போடமாட்டார், அழமாட்டார். "தம்பி, அவரு இருக்காரா?" என்று மட்டும் கேட்பார். "வரலக்கா" என்றால், "சரி தம்பி, வந்தா சோறு ஆறிப்போவுதுன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அவர் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். நல்ல உயரம், அகலமான தோள். அவர் சிரித்தால் தகரக் கூரை அதிரும். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். குடித்துவிட்டு யாரையும் அடிக்கிறவரோ, திட்டுகிறவரோ இல்லை. லோரியை நிறுத்தினால் கடைக்கு வருவார், கடை மூடினால் வீட்டுக்குப் போவார். பிள்ளைகள் இல்லை. அவ்வளவுதான் அவர்கள் குடும்பம்.

ஒரு வருஷம் தீபாவளிக்கு முன்னால் டிவிக்காரர்கள் வந்தார்கள். தமிழ் நகைச்சுவைத் தொடர் ஒன்று எடுக்கிறார்களாம். வாரா வாரம் குடியை நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாரா வாரம் கள்ளுக்கடைக்கே வருகிற ஒருத்தனின் கதை. உண்மையான கடைதான் வேண்டுமென்று கிள்ளான் முழுக்கத் தேடி எங்கள் கடையைப் பிடித்தார்கள். தவுக்கேவுக்குத் தலைகால் புரியவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்டார். வந்தவர்கள், அழுக்காக இருந்தால்தான் நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

நான்கு நாள் எடுத்தார்கள். பெரிய பெரிய விளக்குகள். அந்தச் சூட்டில் பீப்பாயில் நுரை பொங்கி வழிந்தது. பின்னால் உட்காருவதற்கு எங்கள் ஆட்களையே கேட்டார்கள். கள் இனாம் என்றதும் ஆறு பெஞ்சுக்கும் அடிதடி. வந்தவர்களில் தொப்பி போட்ட ஒருவர்தான் எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம், "முன் பெஞ்சுல நல்லா சிரிக்கிற ஆளா ஒருத்தர் வேணும்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. அண்ணன் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம் தம்பி. வீட்டுல ஈப்போவுக்கு லோடுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவ பாத்துட்டா?"

"எதுல பாப்பாங்க? ஒங்க வீட்டுல டிவியா இருக்கு?"

"இல்லதான்."

"அப்புறம் என்னாண்ணே. வாங்க, நடிகரு பக்கத்துல ஒக்காருங்க. பொறவு ஆளு கெடைக்க மாட்டாரு."

அவர் உட்கார்ந்தார். நடிகர் மக்கைத் தூக்கி, "இதான் கடைசி" என்று சத்தியம் செய்து குடிப்பார். அண்ணன் சிரித்துவிட்டுத் தன் மக்கைத் தூக்கிக் குடிப்பார். அதை ஏழெட்டுத் தடவை எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் புதிதாகக் கேட்கிற மாதிரியே சிரித்தார். "இவரு நடிகருக்கு மேல இருக்காரே" என்று தொப்பிக்காரர் சொன்னார். அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு வீடு கழுவும்போதுதான் அக்கா மார்பில் ஒரு கட்டியைக் கண்டிருக்கிறார். முதலில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்குக் கத்தி என்றால் நடுக்கம். அவருடைய அம்மா ஆப்பரேஷனுக்குப் போய்த் திரும்பி வராதவர். இரண்டு வாரம் அண்ணன் கெஞ்சியிருக்கிறார். கடைசியில் அக்கா ஒன்று சொன்னாராம். அதை அண்ணனே கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். அன்று அவர் குடிக்க வரவில்லை. சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார்.

"மூணு வருசம் காவடி எடுக்கறதா வேண்டியிருக்கேன் தம்பி. மண்டலம் முழுக்க விரதம். இத நிறுத்திட்டேன். நான் சுத்தமா இருந்து பத்துமலை ஏறி எறங்கிட்டா, தைப்பூசம் முடிஞ்ச மறு வாரம் அவ ஆஸ்பத்திரியில படுக்கறேன்னுட்டா. டாக்டரும் தேதி குடுத்துட்டாரு."

"நல்லதுண்ணே."

"இனிமே யாராச்சும் என்னைத் தேடிக்கிட்டு வந்தா நீ பொய் சொல்ல வேண்டியதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னபடி இருந்தார். அதை நான் கோயிலில் நின்றும் சொல்வேன். தாடி வளர்த்தார். ஒரு வேளைதான் சாப்பாடு. கடை இருக்கும் தெரு வழியாக லோரி போக வேண்டியிருந்தால்கூடச் சுற்றிப் போவார்.

இதற்கிடையில் தொடர் டிவியில் ஓட ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. மூன்றாவது வாரத்துக்குள் எங்கள் கடையைத் தெரியாத தமிழன் நாட்டில் இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. சிரம்பானிலிருந்து, தைப்பிங்கிலிருந்து எல்லாம் ஆட்கள் வந்தார்கள். குடும்பத்தோடு வந்து வாசலில் நின்று போட்டோ பிடித்தார்கள். கணவனைத் தேடிப் பெண்கள் நிற்கும் அதே ரம்புத்தான் மரத்தடியில் பட்டுப்புடவை கட்டிய பெண்கள் நின்று சிரித்தார்கள். தவுக்கே 'டிவியில் பார்த்த கடை' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாததால் யாரோ படித்துச் சொன்னார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. வெள்ளிக்கிழமை ஆறரைக்குத்தான் கூட்டம் அதிகம் வரும். பந்திங்கிலிருந்து வந்த ஒரு மாமா கடை முழுக்கத் தேடிவிட்டு என்னிடம் கேட்டார்.

"எங்கய்யா நடிகரு? மணி ஆறரை ஆயிருச்சே."

"அவரு இங்க இல்ல மாமா. அது எப்பவோ புடிச்சது."

"என்னாய்யா சொல்ற? இப்ப எம்மவ வீட்டுல பாத்துக்கிட்டு இருக்கா. இந்தக் கடையிலதான் இருக்காருங்குறா."

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் எங்களுக்கு டிவி என்றால் செய்தி, பந்து விளையாட்டு. கிள்ளானில் வெள்ளம் வந்தபோது காலையில் வந்த தண்ணீரைச் சாயங்காலமே காட்டினார்கள். அன்று நடந்ததை அன்றே காட்டுகிற பெட்டி அது. வாரா வாரம் எங்கள் கடைக்கு வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தார்கள். நான் சிரித்தேன். என் நினைப்பு அதோடு நின்றுவிட்டது. அண்ணன் உட்கார்ந்த காட்சி இன்னும் வரவில்லையே, அது வரும்போது என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அது பொங்கல் வாரத்தில் வந்தது. அண்ணனின் விரதம் பாதி தாண்டியிருந்தது. அன்று அவர் மலாக்காவுக்கு லோடு போயிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா வீட்டில்தான் டிவி. சன்னலில் எல்லாம் பிள்ளைகள். நடிகர் சத்தியம் செய்ததும் அந்தச் சிரிப்பு கேட்டிருக்கிறது. முகம் தெரிந்தது ஒரு நொடி. அதற்குள் மக் முகத்தை மறைத்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு அம்மா நேராக அக்காவின் அடுப்படிக்கு ஓடியிருக்கிறார்.

"என்னாடி, விரதச் சோறா ஆக்குற? ஒம் புருசன் கள்ளுக்கடையில ஒக்காந்து குடிச்சிக்கிட்டு இருக்காரு. டிவியில காட்டுறான், வந்து பாரு."

அக்கா ஈரக் கையோடு ஓடினார். அதற்குள் காட்சி மாறிவிட்டது. அவர் எதையும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் பத்துப் பேர் அவரைச் சுற்றி நின்றார்கள்.

அண்ணன் வந்து, அது தீபாவளிக்கு முன்னால் எடுத்தது என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். பக்கத்து வீட்டு அம்மா, "அப்ப எடுத்தத இப்ப எதுக்குக் காட்டுறான்? அவனுக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டார். அக்கா ஒன்றுதான் கேட்டாராம்.

"தீபாவளிக்கு முன்னன்னா, அன்னைக்கு ஈப்போவுக்கு லோடுன்னீங்களே?"

அண்ணன் எழுந்து லோரியில் போய்ப் படுத்துக்கொண்டாராம்.

மறுநாள் காலையில் அண்ணன் என்னைத் தேடி என் அறைக்கு வந்தார். மஞ்சள் வேட்டி, தாடி. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. "நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு தம்பி. நான் கடைப்பக்கம் வரலன்னு சொல்லு. கடையில இருக்கறவன் நீதானே, ஒனக்குத்தானே தெரியும்" என்றார். உடனே கிளம்பிப் போனேன். அக்கா வாசலில் வந்து நின்றார். முதல் தடவையாக அவர் வாசலில் நான் நின்றேன்.

"அக்கா, விரதம் ஆரம்பிச்ச நாள்லேருந்து அண்ணன் கடைக்கு வரலக்கா."

சொல்லி முடித்ததும் எனக்கே அந்த வார்த்தை காதில் விழுந்தது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதத்தானே தம்பி நீ எப்பவும் சொல்லுவ."

"இது நெசம்க்கா."

"ஒரு நா அவரு செருப்பு ஒங் காலுகிட்ட கெடந்துச்சு. நான் அதப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். அப்பவும் இதே மூஞ்சிய வச்சிக்கிட்டுத்தான் சொன்ன."

"சூடம் கொளுத்துங்கக்கா. கையில அணைச்சி சத்தியம் பண்றேன்."

"வேணாம் தம்பி. கை சுட்டுக்கிட்டா நாளைக்கு எப்படி ஊத்துவ?"

கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். உண்மையாகவே என் கையைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தவுக்கேயை வந்து சொல்லச் சொன்னேன். "நானும் கள்ளுக்கடைக்காரன்தானே. நான் சொன்னா மட்டும் நம்பிருவாங்களா?" என்றார். பிறகு பஸ் ஏறிக் கோலாலம்பூர் போனேன். டிவிக்காரர்களிடம் எப்போது எடுத்தது என்று ஒரு காகிதம் வாங்கி வரலாம் என்று யோசனை. கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா மலாயில், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தொப்பி போட்டவர் என்றேன். பெயர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. ஏதோ அச்சடித்த பாரத்தை நீட்டி எழுதச் சொன்னார். அதுவும் தெரியாது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். தொப்பி போட்டவர் யாரும் வெளியே வரவில்லை. திரும்பும்போது பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்தேன். பக்கத்து மேசையில் இரண்டு பேர் அந்தத் தொடரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தர் அண்ணன் சிரித்தது மாதிரியே சிரித்துக் காட்டினார்.

தைப்பூசம் வந்தது. அண்ணன் காவடி எடுத்தார். அக்கா வரவில்லை. பின்னால் வர ஆள் இல்லை என்று நான் போனேன். பால்குடத்தைத் தொட எனக்கு மனசு வரவில்லை. கள் ஊற்றுகிற கை. தண்ணீர்ப் போத்தலும் எலுமிச்சம்பழமும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆற்றங்கரையிலிருந்து குகைவரைக்கும் அண்ணனுக்குப் பின்னாலேயே நடந்தேன். படி ஏறும்போது யாரோ ஒருத்தர், "டேய், இவரு டிவியில குடிச்சவரு மாதிரி இல்ல?" என்றார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போத்தல் நழுவி நாலைந்து படி உருண்டது.

மறு வாரம் ஆஸ்பத்திரித் தேதி. காலையில் அண்ணன் வாடகைக் கார் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அக்கா துணி துவைத்துக்கொண்டிருந்தார். "விரதம் கலைஞ்சிருச்சு. இதோட கத்திக்குப் போனா எங்கம்மா மாதிரி திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். கார் வெறுமனே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அண்ணன் இரண்டு தடவை தேதி வாங்கி வந்தார். இரண்டும் அப்படியே போயின.

மக்கள் விரும்பிக் கேட்டார்கள் என்று அந்தத் தொடரை மறுபடி போட்டார்கள். வருஷ நடுவில், டுரியான் பழ சீசன் சமயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா அதற்குள் பாதியாக இளைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாவே அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். அந்தக் காட்சி வந்தது. அக்கா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். அண்ணன் முகத்தில் தாடி இல்லை. போட்டிருந்தது பை கிழிந்த கட்டம் போட்ட சட்டை. தீபாவளிக்கு வீடு கழுவினபோது, லோரி துடைக்க ஆகட்டும் என்று அக்கா தன் கையாலேயே கிழித்து நாலு துண்டாக்கின சட்டை. அண்ணனுக்கு என்ன சட்டை போட்டோம் என்று ஞாபகமே இல்லை. எனக்கும் இல்லை. பார்த்த பத்துப் பேரில் ஒருத்தரும் சட்டையைப் பார்க்கவில்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இனி வெட்டியும் பிரயோசனம் இல்லை, வலி தெரியாமல் இருக்க மருந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

ஒரு வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். அக்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"பசியாறிட்டியா தம்பி?"

"ஆச்சுக்கா."

"நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தான்."

அக்காவே மேலே கேட்டார்.

"அப்ப மத்த நாளு சொன்னதெல்லாம்?"

"பொய்க்கா."

"எல்லாமேவா?"

"பாதிக்கு மேல."

அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நான் வெளிய மரத்தடியில நிக்கிறப்ப, உள்ள அவரு என்னா பண்ணுவாரு? சிரிப்பாரா?"

சிரிப்பார். நான் வாசலிலிருந்து திரும்பி வந்ததும், "போயிட்டாளா?" என்று கேட்பார். பக்கத்தில் இருக்கிறவன் ஏதாவது சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் சத்தம்தான் பெரிதாக இருக்கும். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அக்கா தெருமுனை தாண்டுவதற்குள் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்குமோ என்று அந்த நிலைப்படியில் நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது.

"இல்லக்கா. மக்க கீழ வச்சிட்டுத் தலையக் குனிஞ்சிக்குவாரு. பேசவே மாட்டாரு."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. "சரி தம்பி" என்றார். அவ்வளவுதான். அடுத்த தீபாவளியை அவர் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்த அன்று அண்ணன் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். மொட்டை அடித்த தலை வெயிலில் வேர்த்திருந்தது.

"அவ ஒன்னயக் கூப்பிட்டு விட்டாளாமே. பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. என்னா கேட்டா?"

"ஒண்ணும் இல்லண்ணே. பசியாறிட்டியான்னு கேட்டாங்க."

"அதுக்கா கூப்பிட்டா?"

"அதான்ணே கேட்டாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மிச்சம் இரண்டு வருஷக் காவடியையும் எடுத்து முடித்தார். இரண்டு தடவையும் நான் தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போனேன். அந்தப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.